கையில் இருந்தது தெரியவில்லை

2004 நோன்பு மாதத்தில், ஒரு சனிக்கிழமை, என் இடது கை என்னை விட்டுப் போனது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். சாப்பிடும்போது நம் இடது கைக்கு என்ன வேலை? மடியில் கிடக்கும். அப்படியே கிடந்தது. எங்கள் நியூஜெர்சி வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மாத மகள் ஹாஜிராவைத் தூக்கினேன். இடது பக்கமாக நழுவி மெத்தையில் விழுந்தாள். அடி படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மனைவி நஸ்ரின் அவளை என்னிடம் தரவில்லை. நோயைவிட எனக்கு அதுதான் வலித்தது.

"ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது). முதல் நாளே வந்திருக்க வேண்டும்," என்றார் டாக்டர். கூடவே நெக்லெக்ட் (மூளை உடம்பின் ஒரு பக்கத்தையே மறந்துவிடுவது). இதைப் படிக்கிறவர்கள் எங்களைப் போல் அசட்டையாக இருக்காதீர்கள். சந்தேகம் வந்த உடனே ஆம்புலன்ஸுக்கு 911-ஐக் கூப்பிடுங்கள்.

மறுவாழ்வு மையத்தில் பக்கத்துக் கட்டில் யானுஷ் என்ற போலந்துக்காரருக்கு. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. பதினெட்டு வருடம் கால்பந்து கோல்கீப்பர்; முதலில் ஒரு சுரங்க ஊரின் அணி, பிறகு இரண்டாம் டிவிஷன். தேசிய அணியில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் பெஞ்சில். முழங்கால் போனதும் அமெரிக்கா வந்து கூரை வேலை பார்த்திருக்கிறார்.

ஆட்டத்தை விட்டு இருபது வருடம் ஆகியும் கோல் கம்பம் தன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது என்றார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட இரண்டு பக்கமும் கை நீட்டிக் கம்பத்தைத் தேடுவார். முதலில் சிரித்தேன். பிறகு, அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் தவிர்க்க ஆரம்பித்தேன்.

தினமும் காலுறையைச் சுருட்டி என் இடது பக்கம் எறிவார். அது தரையில் விழும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். ஆறாம் நாள் சத்தமே கேட்கவில்லை.

"எங்கே போச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் விரலால் காட்டினார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். காலுறை என் இடது கைக்குள் இருந்தது. நான் பிடிக்கவில்லை.

"என் கையும் எனக்கு முன்னால் போய்விடும்," என்றார். "ஒரு பெனால்டியைத் தடுத்தது கூட்டம் கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது."

"பயமா இல்லையா?"

"அது யாருடைய கை என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நின்றுவிடும்."

வீடு திரும்பினேன். ஜனவரியில் ஒரு மதியம், சோபாவில் சாய்ந்து வெளியே பெய்யும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜிரா கார்ப்பெட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பு. சமையலறையிலிருந்து வந்த நஸ்ரின் அப்படியே நின்றாள்.

"என்னங்க, எவ்ளோ நேரமா பிடிச்சிட்டிருக்கீங்க?"

"எதை?"

கழுத்தை முழுதாகத் திருப்பினேன். ஹாஜிரா சோபாவைப் பிடித்து எழுந்து, கண்ணாடி மேஜையின் கூர்முனைப் பக்கம் சாய்ந்து நின்றாள். என் இடது கை அவள் இடுப்பை வளைத்திருந்தது. முழங்கை வரை சட்டைக் கை அவள் எச்சிலில் நனைந்து ஜில்லென்று ஆகியிருந்தது. வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அந்த நேரம் எதுவும் என் கணக்கில் இல்லை.

நஸ்ரின் குழந்தையை வாங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் வாங்கவில்லை.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன். இவளைப் பாத்துக்கோங்க," என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.