இரண்டாம் பாடத்தின் பூட்டு

வயது பார்க்காமல் யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு வேண்டாம் என்று அறிவித்த இணைய வகுப்பு. பாடம் அறிவியல். அதை வடிவமைத்தவள் ஒப்பந்த ஊழியர். ஒலிப்பதிவுக்காக அவள் அறைச் சுவரெங்கும் ஸ்பாஞ்ச் ஒட்டி, மின்விசிறியைக் கழற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது.

பூட்டுப் போட்டதும் அவள்தான். முதல் பாடத்தின் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு வேறொருவர் மறுமொழி போட்டால்தான் இரண்டாம் பாடம் திறக்கும். கலந்து பேசிப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணம். நடந்தது என்ன? எல்லாரும் பதில் எழுதினார்கள், யாரும் மறுமொழி போடவில்லை. வகுப்பே வாசற்படியில் நின்றது.

மனசு கேட்காமல் 'மின்மினி' என்ற பெயரில் அவளே மாணவியாகச் சேர்ந்தாள். வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொருவருக்கும் மறுமொழி. சோற்றைப் பிசையும்போதும் ஒரு கை செல்போனில். டெலிபோன் ஆபரேட்டராக ஓய்வு பெற்ற மாமியாரும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தார்.

"யாருடி அந்த மின்மினி? எந்நேரமும் அங்கேயே கெடக்கா. வீட்ல மாமியார் இல்லபோல."

பூட்டை எடுத்துவிடலாமா என்று நிறுவன இயக்குநரிடம் கேட்டாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"எதுக்கும்மா எடுக்கணும்? எப்படிப் பேசிக்கிறாங்க பாரு."

பேசியதெல்லாம் அவள். சொன்னால் கள்ள மாணவி என்று வேலை போகும். சொல்லாவிட்டால் பூட்டு நிற்கும். தன் விலங்குக்குத் தானே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான்.

மிச்சமிருந்தது வேலைநிறுத்தம். மின்மினி வாயை மூடினால் புகார் குவியும், இயக்குநரே பூட்டை எடுக்கச் சொல்வார். ஒரு வாரம் அவள் வகுப்புப் பக்கமே போகவில்லை.

இயக்குநர் கூப்பிட்டார். மறுமொழி இன்னும் கூடியிருக்கிறதாம். இனி எல்லா வகுப்புக்கும் இதே பூட்டுதானாம்.

வீட்டில் மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுச் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மின்மினியைக் காணோம்டி. பாவம், படுத்துட்டாளோ என்னவோ. லைன்ல ஆள் காத்திருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. அவ பங்கையும் நானே போட்டுட்டு வரேன்."

வேலைநிறுத்தத்தை உடைத்த கருங்காலி! வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"நீங்க ரெண்டாம் பாடம் போகலையா அத்தை?"

"நான் போயிட்டா இவங்களை யாரு பார்ப்பா?"

சொல்லிக்கொண்டே மணிக்கட்டை நீவிவிட்டார். வீங்கியிருந்தது.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"தள்ளி உட்காருங்க அத்தை" என்று சொல்லி, தன் செல்போனில் மின்மினியின் கணக்கைத் திறந்தாள்.