புளியோட்டு மலை

மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மனிதர் உட்கார இடம் இருக்காது. புளி உட்கார்ந்திருக்கும். அத்தா, அதாவது என் அப்பா, அரூரில் சின்ன அளவில் புளி வியாபாரம் செய்தார். சித்தேரி மலைப்பக்கம் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து உலுக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். பழம் மண்டிக்குப் போகும். கொட்டையை வாங்கிப்போக ஆள் வரும். ஓடும் நாரும் யாருக்கும் வேண்டாம். ஆகையால் அதெல்லாம் எனக்கு.

நான் அப்போது அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எங்கள் டீச்சர் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். சேலைத் தலைப்பில் எப்போதும் ஏதாவது ஒரு காய்ந்த இலையோ சருகோ ஒட்டியிருக்கும். ஒரு நாள் பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, எல்லோரும் ஒரு படம் செய்துகொண்டு வர வேண்டும் என்றார்.

"கடையில வாங்குன எதுவும் ஆவாது. கலர் பென்சில் ஆவாது. மரஞ்செடியில இருந்து உதுந்தது, காஞ்சது, நீங்களா பொறுக்குனது, அதை வெச்சுப் பண்ணணும். பசை கூட நீங்களே காய்ச்சிக்கணும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். வாயாடி. "டீச்சர், மாடு தின்னதும் செடிதானுங்களே. அப்ப சாணியில பண்ணலாங்களா?"

"பண்ணு. பண்ணிட்டு மத்தியானம் வரைக்கும் நீயே கையில புடிச்சிட்டு நில்லு."

வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

வீட்டில் வந்து சொன்னதும் அத்தா கொஞ்சம் யோசித்தார். எங்கள் வீடு ஒரே பெரிய அறை, பின்னால் சமையல்கட்டு. அந்த அறையில்தான் புளி, படுக்கை, தொழுகை எல்லாம். தொழுகிற இடத்தில் உயிருள்ளதன் படம் எதுவும் அத்தா மாட்ட மாட்டார். கடைக்காரர்கள் ஆசையாகக் கொடுக்கும் காலண்டரில் குழந்தை சிரித்தாலும், மயில் ஆடினாலும், படத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் மாட்டுவார். சுவரில் இருந்தது மக்கா படம் ஒன்று, ஒரு கடிகாரம், தலை போன காலண்டர்.

"ஆடு மாடு, குருவி, ஆளு, இதெல்லாம் வேணாம்மா. உசுரு இல்லாததா பண்ணு. நல்லா வந்துச்சுன்னா நானே ஆணி அடிச்சு நம்ம சுவத்துல மாட்டறேன்," என்றார்.

அந்தச் சுவரில் நான் செய்த ஒன்று! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன செய்வது என்று ரொம்ப யோசிக்கவும் இல்லை. எங்கள் தெருமுனையில் நின்றால் தூரத்தில் மலை தெரியும். அத்தா மலைக்குப் போயிருக்கும் நாட்களில் நான் அங்கே போய் நின்று பார்ப்பேன். லாரி வருவது அவ்வளவு தூரத்தில் தெரியாது. தெரிகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். அதனால் மலைதான்.

சோப்புப் பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்தேன். அம்மா புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துப் பசை காய்ச்சிக் கொடுத்தார். பிடித்தால் விடாத பசை அது. என் பாவாடையும் அம்மியும் ஒட்டிக்கொண்டு நின்றது தனிக் கதை. புளியோட்டை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே பழுப்பு என்று நினைத்திருந்தேன். பழைய ஓடு ஒரு நிறம், புது ஓடு ஒரு நிறம், உள்பக்கம் இன்னொரு நிறம். வெயில் படும் பக்கத்துக்கு உள்பக்கத்தைத் திருப்பி ஒட்டினேன். பெரிய வளைந்த ஓடுகள் அடியில், சின்னவை உச்சியில். மலை வந்துவிட்டது. உருவிப் போட்ட நாரில் நீளமாக ஒன்றை எடுத்து, மலை ஓரமாக வளைத்து வளைத்துக் கீழே இறக்கி ரோடு போட்டேன். ரோடு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், நல்ல பளபளப்பான கொட்டை ஒன்றைப் பாவாடையில் தேய்த்து ஒட்டினேன். வானத்தில் சோப்புக் கம்பெனியின் பாதிப் பெயர் தெரிந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அது என்னாது, கறுப்பா?" என்றார் அம்மா.

"லாரிம்மா. அத்தா புளி ஏத்திட்டு வர லாரி."

"அது சரி," என்றார் அம்மா, பசைச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேப்ப மரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டி எல்லாப் படங்களையும் தொங்கவிட்டார். அவர் படம் பார்க்க வைக்கும் விதமே தனி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். நல்லா இருக்கிறது, நல்லா இல்லை என்று சொல்லக் கூடாது. என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். செய்தவள் கடைசி வரை வாயைத் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் இருப்பது எனக்கு வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. வாயாடிக்குத்தான் பாவம். ஆமணக்கு இலையைக் காயவைத்து அவள் குடை செய்திருந்தாள். எல்லோரும் வௌவால் என்றார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது என் படம்.

"யானை!" என்றாள் ஒருத்தி.

"அட, ஆமாண்டி! யானை!"

டீச்சர் கிட்டே வந்தார். "படுத்திருக்குற யானை. தோலைப் பாருங்க, சுருக்கம் சுருக்கமா. நாரு தும்பிக்கை. கண்ணைப் பாருங்களேன், நம்மளையே பாக்குது!"

நானும் பார்த்தேன். பாழாய்ப்போன யானை அங்கேதான் படுத்திருந்தது. என் மலை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"இப்ப நீ சொல்லு," என்றார் டீச்சர்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. டீச்சர் ஒரு துண்டுத் தாளில் "படுத்திருக்கும் யானை" என்று கொட்டை எழுத்தில் எழுதிப் படத்துக்கு மேலே குண்டூசி குத்திவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றவர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அத்தா மலையிலேயே இருந்துவிட மாட்டாரா என்று இருந்தது. வராமலிருப்பாரா? ஜும்ஆ தொழுதுவிட்டு, மண்டியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நேராக வந்து நின்றார்.

"வாங்க பாய்," என்றார் ஹெட்மாஸ்டர். "உங்க பொண்ணோட யானையப் பாத்தீங்களா? இருக்குறதுலயே அதான் ஜோரு."

"யானைங்களா?" என்ற அத்தா என்னைப் பார்த்தார். அப்புறம் தாளைப் பார்த்தார். அப்புறம் படத்தை.

வாயாடி சும்மா இருப்பாளா? "இது கண்ணுங்க பாய், இது தும்பிக்கைங்க. வாலு மட்டும் அந்தாண்ட பக்கம் இருக்குதுங்க."

அத்தா முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நல்லாருக்குதுங்க டீச்சரம்மா," என்றார் மெதுவாக. "ஸ்கூல்லயே இருக்கட்டுங்க. வூட்டுல மாட்ட எடம் இல்லீங்க."

அவ்வளவுதான், என் சுவர் போயிற்று. அவர் திரும்பி நடக்கப் போகிறார் என்று தெரிந்ததும் என் தொண்டையிலிருந்து என்னையும் மீறி ஒரு சத்தம் வந்தது.

"அது யானை இல்லீங்க டீச்சர்!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. நான் பேசி அவர்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை.

"பின்ன என்ன?" என்றார் டீச்சர்.

"மலைங்க."

"அப்ப தும்பிக்கை?"

"ரோடுங்க."

"கண்ணு?"

"லாரிங்க. எங்கத்தா புளி ஏத்திட்டு வராருங்க."

ஒரு நொடி எல்லோரும் படத்தையே பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வேப்ப மரத்துக் காக்கைகள் எழும்பிப் போய்விட்டன. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது டீச்சர்தான். "சும்மா கெடந்த மலைக்கு நாங்கல்லாம் சேந்து கண்ணு வெச்சுட்டமே!" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளைப் பிடுங்கிக் கசக்கினார். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து, ரோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

"சரியாத்தான் இருக்குது," என்றார். "இந்த வளைவுலதான் லாரி மொனகும்."

நான் அந்த ரோட்டில் ஒரு தடவைகூடப் போனது கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

படத்தை அத்தாவே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ஒரு மூட்டை மேல் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். "மலைதான்," என்றார். கை கால் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். முகம் சுருங்கியது.

"யானையாவே தெரியுதே!"

"ஒருக்கா சொல்லிட்டாங்கன்னா அப்பிடித்தான் தெரியும்," என்றார் அம்மா.

"நான் தொழுவுறப்ப அது என்னையே பாத்துட்டு இருக்கும் புள்ள."

"தலகீழா மாட்டிப்புடுங்க."

"லாரி கவுந்துடும்!" என்றேன் நான்.

அப்போதுதான் அத்தா சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மண்டியிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கொட்டைய மட்டும் எடுத்துரட்டுமாம்மா?"

"எடுத்துட்டா அப்பறம் நீங்க எப்பிடி வருவீங்க?"

அத்தா தாடியைச் சொறிந்தார். கொட்டையை நகத்தால் நெம்பினார். எங்கள் பசை லேசில் விடுமா? அட்டையில் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. சட்டியில் ஒட்டியிருந்த பசையைத் தண்ணீர் தொட்டு இளக்கி, ரோடு முடிந்து சமதரை தொடங்கும் மூலையில் கொட்டையை வைத்து அழுத்தினார்.

"லாரி எறங்கிடுச்சு. அரூர் வந்தாச்சு. போதுமா?"

தள்ளி நின்று பார்த்தோம். கண் போனதும் யானையும் போயிருந்தது. வெயில் பட்ட மலை, அதிலிருந்து ஒரு ரோடு, கீழே ஒரு லாரி. எனக்கு அது போதுமாயிருந்தது.

சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இப்ப ஆமையாட்டம்ல இருக்குது?"

"நீ உள்ள போ புள்ள," என்றார் அத்தா, ஆணியை வாயில் கவ்விக்கொண்டே. என்னைப் படத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, யாரும் இன்னொரு தடவை பார்ப்பதற்குள் அடித்து முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி வேகமாக அடித்தார்.