அவர் யார் ஊர்க்காரர்?

இன்று மந்தாரக்குப்பம் டெண்டுக் கொட்டகையில் படம் பார்த்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், பல ஊர்களிலிருந்து வந்து கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எங்கள் பிளாக் பெண்களுக்குள் பெரிய சண்டை. கதாநாயகனின் அப்பாவாக நடித்தவர் எந்த ஊர்க்காரர்?

“மகள ‘ஏட்டி’ன்னு கூப்புட்டாருல்லா? திருநெல்வேலியேதான்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

“போன படத்துல மொதலாளியா வந்து ‘ஏனுங்க’ன்னாருங்களே? அவரு கோயமுத்தூருங்க” என்றார் எதிர்வீட்டு அம்மா.

கூடையோடு உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பூக்காரம்மா சிரித்தார். “எங்க பேச்ச மட்டும் இன்னும் பேசலீங்க. இங்க ஒரு குவார்ட்டர்ஸ் குடுங்க, ஒரே மாசத்துல பேசிக்கினு திரிவாரு.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் படத்தில் அவர் வெற்றிலை மடிக்கிற அழகைப் பார்த்தாலே தெரியாதா, எங்கள் கும்பகோணத்துக்காரர் என்று? நீங்களே சொல்லுங்கள்.