ஆரே காலனியில் ஓர் ஆப்பிரிக்கா

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஏதோ காமெடி நிகழ்ச்சியில் ஒருவன் முகத்தில் கரியைப் பூசி, சுருட்டை முடி டோப்பா வைத்து, ஆப்பிரிக்கக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்து குதிக்கிறான். சித்தப்பா மகன் அதை அனுப்பி, சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகளையும் வரிசையாகப் போட்டிருந்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். நடிப்புதானே, ஏன் கொதிக்கிறாய் என்றான். நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொருத்தி கேட்டாள். சம்பந்தம் இருக்கிறது. போனில் தட்டி முடியாது என்று அங்கே விட்டுவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, டிவி சீரியல்களில் கூட்டமாக நிற்க ஆள் பிடித்துக் கொடுப்பவர். கல்யாணக் காட்சி, பார்ட்டிக் காட்சி எல்லாவற்றுக்கும் வெள்ளைத்தோலைத்தான் கேட்பார்களாம். அதனால் ஆள் பிடிக்க எங்கள் சந்துக்கு அவர் வந்ததே இல்லை. ஒரு நாள் வந்தார். முப்பது பேர் வேண்டும், நல்ல கறுப்பாக வேண்டும் என்றார்.

"அத்தான், நம்ம நெறத்துக்கு இப்பந்தான் மார்க்கெட்டு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம ஒரு நா கூத்து. டிவில வரும்."

என்ன வேஷம் என்று அம்மா கேட்டாள். ஆப்பிரிக்கக் காட்டில் மனிதனைத் தின்கிற கூட்டம் என்றார் மாமா.

"எம் புருசன் ஆளத் திங்கவா பம்பாய்க்கு வந்தாவ?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் அரை மனசுதான். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நான் படித்தது இந்திப் பள்ளி. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார ஒருத்திக்கும் இஷ்டமில்லை. என் நிறம் ஒட்டிக்கொள்ளுமாம். மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும், என் அப்பா டிவியில் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேர் என்னோடு டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு எப்படிப் பின்வாங்குவது?

ஞாயிறு காலை எங்கள் சந்து ஆண்கள் முப்பது பேரும் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முகத்தில் கழுத்தில் எல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு வந்து நின்றார்கள். கறுப்பாக இருக்கிறீர்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் டிவி அல்லவா? அம்மா, வேடிக்கை பார்க்கப் போகிற எனக்கும் வெள்ளை வெளேரென்று பூசிவிட்டாள்.

ஆரே காலனியில் மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில் ஓலைக்குடிசை போட்டு வைத்திருந்தார்கள். அதுதான் ஆப்பிரிக்கா. மேக்கப்காரர் எங்கள் ஆட்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "அரே, பவுடர் லகாகே ஆயா ஹை!" என்று, பவுடர் பூசிக்கொண்டு வந்ததற்காகக் கத்தினார். ஆளுக்கொரு வாளித் தண்ணீர் கொடுத்துக் கழுவச் சொன்னார். கழுவிய முகத்தில் எண்ணெயில் குழைத்த கறுப்புச் சாயத்தைப் பூசினார்கள். இருக்கிற கறுப்பு போதாதாம். கம்பளி டோப்பா, இடுப்பில் வைக்கோல், கழுத்தில் பிளாஸ்டிக் எலும்பு. அப்பாவை நான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அங்கே ஒரே ஒருவர் உண்மையிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். மும்பையில் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நாட்டின் பெயரைச் சொன்னார். எங்களில் ஒருவரும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நானும்தான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர்தான் ராஜா வேஷம். அவருக்கும் கறுப்புச் சாயத்தைப் பூசினார்கள். ஆமாம், அவருக்கும்.

தன் காட்சி எழுதியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு அவர் டைரக்டரிடம் போனார். எங்கள் ஆட்களைவிட நன்றாக இந்தி பேசினார். அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. இந்த ராஜா ஒரு வார்த்தைகூட ஒழுங்காகப் பேசவில்லையே, ஊ ஆ என்று கத்துகிறானே, ஒரு வரியாவது அர்த்தத்தோடு பேசட்டுமே, என் மொழியிலேயே எழுதித் தருகிறேன் என்றார். என் அப்பா போஸ்ட் மாஸ்டர், எங்கள் ஊரில் யாரும் மனிதனை அண்டாவில் வேகவைத்து நான் பார்த்ததில்லை என்றார். அர்த்தம் எதற்கு, சத்தம் போதும், பார்க்கிறவர்களுக்குப் பயம் வந்தால் சரி என்றார் டைரக்டர். உன் அப்பாவைப் பற்றியா சீரியல் எடுக்கிறோம் என்று அவருடைய அசிஸ்டெண்ட் சிரித்தான். கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

கடைசியில் அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பினார். நான் செய்யமாட்டேன், நீங்களும் முடியாது என்று சொல்லுங்கள், முப்பது பேரும் போய்விட்டால் இவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். யாரும் அசையவில்லை. அப்பா மட்டும் டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மாமா ஓடி வந்தார். "அத்தான், எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதீய. ஒங்க காலுல விழுதேன்."

அப்பா மாமாவைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போவோம் என்றுதான் அர்த்தம். எனக்கு மறுநாள் வகுப்பு நினைவுக்கு வந்தது. சத்தமாகச் சொன்னேன்.

"அப்பா, நீங்க ராஜாவா நடிங்கப்பா. நான் கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

அப்பா நின்றார். டோப்பாவை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்னைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பழைய பேப்பரை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"காப்பிரிப் பயலுக்கு வந்த ரோசத்தப் பாத்தியளா!" என்றார் மாமா. முகமெல்லாம் கறுப்புச் சாயம் வழிய நின்ற முப்பது தமிழர்களும் அதற்குச் சிரித்தார்கள். எனக்கு இன்று வரை ஆறாத கோபம் அந்தச் சிரிப்பின் மேல்தான்.

அப்பாவை ராஜாவாக்கினார்கள். என்ன கத்த வேண்டும் என்று கேட்டார். உன் பாஷையிலேயே எதையாவது கத்து, அதுவே காட்டுக்காரன் மாதிரிதான் இருக்கிறது என்றார் டைரக்டர். அப்பாவுக்கு என்ன தோன்றும்? எங்கள் சந்தில் தினமும் காலையில் கேட்கிற கூச்சல்தான் தோன்றியது.

"ஏ, தண்ணி வந்துட்டு! கொடத்தத் தூக்குங்கடே!"

மற்ற எல்லோரும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு கொடந்தாம்டே! வரிசையில நில்லுல!" என்று பதிலுக்குக் கத்தினார்கள். டைரக்டர் கை தட்டினார். அப்புறம் ரோஸ் நிறத்தில் ஒரு ஹீரோ வந்து எல்லோரையும் சுட்டான். அப்பா மூன்று தடவை செத்தார். முதல் இரண்டு தடவை சரியாக விழவில்லையாம்.

சீரியல் வந்த அன்று டீக்கடை டிவி முன்னால் சந்தே கூடியிருந்தது. தண்ணீர்க் கூச்சலைக் கேட்டு எங்கள் ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தமிழ் தெரியாத மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். அம்மா பார்க்க வரவில்லை.

மறுநாள் பள்ளியில் எனக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அதை எழுதமாட்டேன். பட்டறையில் அப்பாவுக்கு ராஜா என்று பெயர். முதலாளி அவரைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தண்ணீர்க் கூச்சலைக் கத்திக் காட்டுவாராம், அர்த்தம் தெரியாமல், வெறும் சத்தமாக. அப்பா சக வேலைக்காரரோடு தமிழில் பேசினாலே சுற்றி இருப்பவர்கள் ஈட்டி தூக்குவதுபோல் கையைத் தூக்குவார்களாம். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா வெளியே தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார். ரயிலில், பஸ்ஸில், தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா மார்க்கெட்டில்கூட. நான் தமிழில் கேட்டால் இந்தியில், மெதுவாகப் பதில் சொல்வார்.

ஒரு நாள் சயான் ஸ்டேஷன் கூட்டத்தில் அவர் கை நழுவிப்போய், நான் அப்பா அப்பா என்று அலறினேன். எங்கிருந்தோ முட்டி மோதி வந்து என் கையைப் பிடித்தார். முதலில் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, "சில்லா மத், பேட்டா" என்றார். கத்தாதே என்று.

அப்பாவுக்கு இந்தி எவ்வளவு நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவிடம் அன்றைக்கு அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.