கட்டுநாயக்காவுக்கு மலிவான வழி

எங்கள் சாய்ந்தமருதிலிருந்து ஓர் ஆள் வெளிநாடு போனால் ஓர் ஆள் மட்டும் புறப்படுவதில்லை. விமானத்தில் ஏறுவது அவர் ஒருவர்தான். ஆனால் கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் வழியனுப்ப ஒரு வேன் நிறைய உறவுக்காரர் போவார்கள். வேனுக்கும் போகிறவரே கொடுக்க வேண்டும், வழியில் எல்லோரும் குடிக்கும் தேத்தண்ணிக்கும் அவரே கொடுக்க வேண்டும். நீ வா, நீ வராதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லிவிட்டால் அந்தக் கோபம் அவர் திரும்பி வந்து பெட்டி திறக்கும் நாள் வரைக்கும் ஆறாது.

நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளின் வாப்பா கட்டாருக்குப் போனபோது, குளிரூட்டிய வேனில் போனார்களாம். வேனுக்குள் டீவி இருந்ததாம். தம்புள்ளையில் இறங்கி ஹோட்டலில் சாப்பிட்டார்களாம். அந்தப் பள்ளித் தவணை முழுக்க அவள் இந்தக் கதையைத்தான் சொன்னாள். ஆகவே எங்கள் வாப்பாவுக்கும் கட்டாரில் ட்ரைவர் வேலை சரிவந்தது என்று கேள்விப்பட்டதும் நான் துள்ளிக் குதித்தது வேனை நினைத்துத்தான். முன்சீட்டில் நான்தான் இருக்கப் போகிறேன் என்று மறுநாளே வகுப்பில் அறிவித்துவிட்டேன். எனக்கு அப்போது வெளிநாடு என்றால் வேன் போய் நிற்கும் இடம், அவ்வளவுதான்.

வாப்பாவுக்கோ வேன் என்ற சொல்லே ஆகவில்லை. அவர் சம்மாந்துறைப் பக்கம் நெல் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். "ட்ரைவர் ஒருத்தன் இன்னொரு ட்ரைவருக்குச் சல்லி குடுத்துக் குந்திக்கிட்டுப் போறதா? வெக்கம் இல்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கட்டுநாயக்காவுக்கு ஆக மலிவான வழி எது என்று தேடுவதே அவருக்கு வேலையாகிப்போனது. கல்முனை பஸ் நிலையத்தில் போய் நின்று ஒவ்வொரு கொண்டக்டரையும் பிடித்து விசாரித்தார். லீவில் வந்திருந்தவர்களை வீடு தேடிப் போய் விசாரித்தார். மஹியங்கனை, கண்டி, குருநாகல் என்று பஸ் மாறி மாறிப் போகும் வழி ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டு நாள் அதிலேயே மயங்கிக் கிடந்தார். கடைசியில் ஒருநாள் இராச்சோற்றுக்கு இருக்கும்போது முகமெல்லாம் சிரிப்பாக விஷயத்தைச் சொன்னார். மட்டக்களப்புக்கு பஸ், அங்கிருந்து மூன்றாம் வகுப்பு ரயில், றாகமையில் இறங்கி வேறு ரயில் மாறினால் கட்டுநாயக்கா. இதற்குக் கீழே ஒரு விலை இந்த நாட்டில் இல்லை என்றார்.

உம்மா கறியை நங்கென்று வைத்தார். "ஊருலகமெல்லாம் வேன்ல போகுது. எங்கட ஊட்டு மனிசன் மட்டும் கோச்சில போறாராம், கோச்சில! கருவாட்டுப் பொதியோட!"

"வேன் சல்லிக்குக் கோச்சில நாலு தரம் போய் வரலாம் புள்ள."

"ஓம், நாலு தரம் போய் வாறதுக்கு நீங்க என்ன பைலட்டா?"

வாப்பா அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் மலிவு மலிவாகவே இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. பள்ளிவாசல் முன்னால் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார், மாமாவிடம் சொன்னார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. அவரிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். வேன் என்றால் பத்துப் பன்னிரண்டு பேரோடு கதவு சாத்திவிடும். ரயில் கோச்சிக்கு அப்படி ஒரு கதவு இல்லை என்பதை வாப்பா யோசிக்கவில்லை. இவ்வளவு மலிவு என்றால் நாங்களும் வாறோமே என்று மாமி வந்தார். உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, தன் பிள்ளைகளோடு வந்தார். வாப்பாவோடு லொறியில் போன கூட்டாளிகள் வந்தார்கள். கோச்சியில் ஏறிப் பார்க்காத பக்கத்து வீட்டு மனுஷி, ஏறிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தார். எல்லோருக்கும் வாப்பா, "வாங்க, வாங்க" என்றார். அவருடைய சிரிப்பு மட்டும் ஆளுக்கு ஆள் சின்னதாகிக்கொண்டே போனது.

விடியற்காலை மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுப்பவர் எங்கள் கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடச் சுற்றுலாவா?" என்று கேட்டார்.

"ஓம் சேர்," என்றார் மாமா. "இவர்தான் பிரின்சிபல்."

பிரின்சிபல் பணத்தை எடுத்து நீட்டினார். உம்மா அவர் காதோடு, "இப்ப வேன் எவ்வளவு எண்டு ஒருக்காக் கணக்குப் பாருங்களன்," என்றார். வாப்பா பார்க்கவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினேன். முன்சீட்டும் போச்சு, டீவியும் போச்சு, வகுப்பில் என் மானமும் போச்சு.

ஆனால் கோச்சி வெளிக்கிட்டதும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சோற்றுப் பார்சல் மணமும் கருவாட்டு மணமும் பெட்டி முழுக்கப் பரவின. மாமா பாட்டுப் படித்தார். உம்மா மட்டும் யன்னலோரம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாப்பாவோடு ஒரு சொல் கதைக்காமல் இருந்தார். வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்காரன் வாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்பதற்கு முன் எயார்போட்டில் நிற்க வேண்டும், இந்த விமானத்தைத் தவறவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால் வாப்பா நிலையத்துக்கு நிலையம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஹிங்குராக்கொடை தாண்டிக் காட்டுக்குள் கோச்சி நின்றது. கொஞ்சம் தள்ளித் தண்டவாளத்தின் மேல் ஓர் ஆனை நின்றது. அதன் குட்டி பக்கத்தில் தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டு ஏற மாட்டாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது. எங்கள் கூட்டம் முழுவதும் ஒரு பக்க யன்னலுக்குப் பாய்ந்தது. கோச்சி ஊதிப் பார்த்தது. ஆனை காதை ஆட்டியதே ஒழிய அசையவில்லை.

"மச்சான், அதுக்கும் ஒரு டிக்கட் எடுத்துக் குடுங்க," என்றார் மாமா. "உங்களை வழியனுப்பத்தான் வந்து நிக்கிது."

பெட்டியே சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். ஆனால் நேரம் போகப் போகச் சிரிப்பு வற்றியது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். "வந்துக்கிட்டு இரிக்கம் சேர், கிட்ட வந்துட்டம்," என்று வாப்பா நடுக்காட்டில் நின்று சொன்னார். மாமி தஸ்பீஹ் மணி உருட்டினார். எனக்கு விமானம் பார்க்கக் கிடைக்காமல் போய்விடுமே என்ற பயம். தெரிந்த சூறாவையெல்லாம் ஓதி முடித்து, யா அல்லாஹ், ஆனையை அனுப்பு, ஆனையை அனுப்பு என்று தமிழிலும் கேட்டேன்.

மாமா பொறுமை கெட்டு யன்னலால் தலையை நீட்டி, "ஓய்! ஓடு! ஓடு!" என்று கத்தினார்.

கோச்சி வெளிக்கிட்டதிலிருந்து வாய் திறக்காத உம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "வாயில்லாச் சீவன், அதப் போய் வெருட்டாத. குட்டிய உட்டுப்போட்டு எப்பிடிப் போகும்? நிண்டா நிக்கட்டும்."

வாப்பா திரும்பி உம்மாவைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டு, எழும்பி வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். உம்மா ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்து நடுவில் வைத்தார். ஏஜென்சிக்காரனின் போன் மறுபடியும் அடித்தது. வாப்பா எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் குட்டி எப்படியோ மேலேறியது. ஆனை அதைத் தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டி முன்னால் விட்டுக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது. கோச்சி நீளமாக ஊதிக்கொண்டு நகர்ந்தது. பெட்டி முழுக்க ஒரே ஆரவாரம். எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியது நான்தான். சீட்டின் மேல் ஏறி நின்று, "வெளிக்கிட்டுட்டு! வெளிக்கிட்டுட்டு!" என்று குதித்தேன்.

உம்மா என்னை இழுத்துத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார் பாருங்கள், என் உயிர் போய் வந்தது. நான் வீரிட்டு அழுதேன். வாப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு என்ன தெரியும், உடு," என்றார். உம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க அங்கே காட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

றாகமையில் பெட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி அடுத்த ரயிலைப் பிடித்தோம். கட்டுநாயக்காவில் இறங்கியபோது எயார்போட்டுக்கு எல்லோரும் போக ஓட்டோக்கள் வரிசையாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதற்கும் வாப்பாதான் கொடுத்தார். வாசலில், வழியனுப்ப உள்ளே வருகிறவர்களுக்கும் டிக்கட் உண்டு என்றார்கள். என்ன விலை என்று வாப்பா கேட்கவில்லை. எல்லோருக்கும் எடுத்தார். வாப்பா ஒரு பொருளை விலை கேட்காமல் வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போய்க் கொஞ்ச நேரம்தான் நின்றோம். வாப்பா என்னை முத்தமிட்டுவிட்டு, கருவாட்டு மணத்தோடு ஒரு கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். விமானம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இடம் இல்லாதவர்களை இராக் கோச்சிக்கு அனுப்பிவிட்டு, ஊருக்குத் திரும்ப மாமா எங்கிருந்தோ, ஆளை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வெறுமனே திரும்பும் ஒரு வேனைப் பிடித்து வந்தார். அதில் டீவி இருந்தது. முன்சீட்டு எனக்குக் கிடைத்தது. உம்மா பின்னால் இருந்தார். அழுதுகொண்டே வந்தார் என்று சாச்சி பிறகு சொன்னார். நான் படம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வகுப்பில் வேன் கதையை மிஞ்ச ஆனைக் கதை ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கடைசியில் நான் சட்டையைக் கொஞ்சம் தூக்கித் தொடையில் கன்றிப்போயிருந்த இடத்தையும் காட்டினேன்.

"ஏன்டி கிள்ளினாங்க?"

"கோச்சி வெளிக்கிட்டதுக்கு."

அவள் கன்றிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வாப்பாவும் அப்போது கட்டாரில்தான் இருந்தார். அவளுக்கும் விளங்கவில்லை.