ஆஸ்பத்திரி ஊசியும் சின்ன காஞ்சிபுரம் லேகியமும்

நாட்டு வைத்தியம் பார்க்கக் காஞ்சிபுரம் வரலாமா, எங்கே இறங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நான் போனது ஒரே ஒரு நோய்க்குத்தான். வருஷம் எழுபதோ எழுபத்தொன்றோ, தை அறுப்பு முடிந்திருந்தது. எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்ல மகள் போனில் தட்டுகிறாள். கதை கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது என் அக்கா கன்னியம்மாவுக்காக. அவளுக்குக் காசநோய். காஞ்சிபுரம் டவுன் ஆஸ்பத்திரியில் நான்கு மாதமாக ஊசி. இருமல் குறைந்து, சளியில் ரத்தமும் நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து ஊசியை விட்டுவிட்டு நாட்டு வைத்தியரிடம் போகிறேன் என்றாள். மருந்தைப் பாதியில் விட்ட இரண்டு பேரை எங்கள் தெருவிலேயே சுடுகாட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறோம். தனியாக விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன்.

எங்கள் ஊர் முசரவாக்கத்தில் காலை ஏழு மணிக்கு பஸ். ஆளுக்கு முப்பது பைசா, அரை மணி நேரம்.

"காதுக்குள்ள வண்டு பூந்தாப்பல ஙொய்யினு இருக்குதுடா. நடந்தா தரை ஆடுது. அந்த ஊசி எனக்கு ஒத்துக்கல" என்றாள் அக்கா.

"டாக்டராண்ட சொன்னியா?"

"சொன்னா கத்துவாரு."

"வைத்தியராண்டயாவது ஊசியப் பத்தி சொல்லுக்கா."

"வாய மூடிக்கினு வா. ஒரு வைத்தியராண்ட போய் இன்னொருத்தர் பேர எடுப்பாங்களா? மருந்து பலிக்காது."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். யாரும் சொல்வதில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்குக் குதிரை வண்டி, எட்டணா. நடந்தால் முக்கால் மணி நேரம். வண்டிக்கார பாய் போகிற வழியெல்லாம் வைத்தியம் சொன்னார். குதிரையின் காலுக்குத் தடவுகிற தைலத்தைத் தன் முட்டிக்கும் தடவுகிறாராம். "குதிரைக்கி நொண்டல் போச்சி. எனக்கு ரோமம்தான் ஜாஸ்தியா மொளைக்குது" என்று லுங்கியைத் தூக்கிக் காட்ட வந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல மனிதர், கூலியில் பேரம் வேண்டாம்.

வைத்தியர் வீடு தறிக்காரர் தெருவில். இரண்டு பக்கமும் தறி அடிக்கிற சத்தத்தில் பேச்சுக்கூடக் கேட்காது. அக்கா சொன்னாள்: "இன்னாடா, தெரு இவ்ளோ அமைதியா கீது?" கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வர ஒன்பதரை ஆகிவிட்டது. வைத்தியர் நாடி பிடித்தார். பக்கத்தில் குனிந்து, "வேற எங்கனா மருந்து சாப்புடறியாம்மா?" என்றார்.

"இல்ல சாமி."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். லேகியம் ஒரு டப்பா, இரண்டு ரூபாய். முட்டை, மீன், தயிர் கூடாது என்று பத்தியம் வேறு.

கும்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்தோம். வைத்தியர் வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் நோயோடு மறுபடி வர வேண்டியிருக்கும் என்பார்கள். படி இறங்கும்போது அக்கா தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

"ஏம்மா, நில்லு!" என்று பின்னால் வைத்தியர் குரல்.

அக்கா நடந்தாள்.

"ஏம்மா! உன்னத்தாம்மா!"

எதிர்வீட்டுத் தறிக்காரரே கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்காவின் நடை மாறவில்லை. வழக்கத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். "யக்கா, கூப்புடறாரு பாரு!"

"யாரு?" என்றாள். உண்மையாகவே கேட்டாள். "எப்ப கூப்ட்டாரு?"

அவளை வைத்தியர் பக்கம் திருப்பி நிறுத்தினேன்.

வைத்தியர் தெருவுக்கே இறங்கி வந்து அவள் முகத்துக்கு நேரே கத்தினார். "ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கறியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமாங்க சாமி, நாலு மாசமா" என்றேன் நான்.

"கேட்டேனே, ஏன் மறைச்சீங்க? போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் தள்ளாடிக்கினு வந்தான். காது பூரா போனதுக்கு அப்புறம்தான் ஊசின்னு சொன்னான். என் லேகியம் இருமலுக்கு எதமா இருக்கும், இந்த நோய்க்குப் போதாது. இப்பவே போய் டாக்டராண்ட காதப் பத்தி சொல்லு. லேகியத்தையும் காட்டு. மருந்த நீயா நிறுத்தாதே."

ஆஸ்பத்திரிக்கு அதே பாயின் வண்டி. குதிரை அப்போதுதான் ஓடிற்று.

டாக்டர் கத்தத்தான் செய்தார். "காதுல சத்தம் வந்தா ஒடனே வான்னு மொத நாளே சொன்னேனேம்மா!" அக்கா என் பக்கம் திரும்பி, "இன்னாடா சொல்றாரு?" என்றாள். டாக்டர் கத்துவதை நிறுத்திவிட்டார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதைச் சோதித்தார். ஊசியை நிறுத்தி, வேறு மாத்திரை எழுதினார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார். வைத்தியரிடம் என்னென்ன சேர்த்தது என்று கேட்டுவரச் சொன்னார்; அதுவரை வேண்டாம் என்றார். "பத்தியமெல்லாம் கெடையாது. தெனம் முட்டை சாப்பிடணும்."

மறுநாள் நான் மட்டும் போய்க் கேட்டு வந்தேன். வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் அதில் ஒரு சரக்கை மட்டும் விட்டுச் செய்யச் சொல்ல, அவரும் அப்படியே கிளறிக் கொடுத்தார்.

ஆகவே, போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். காலை பஸ் பிடித்தால் வெயிலுக்கு முன் திரும்பலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, லேகியம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இங்கே சாப்பிடுவதை அங்கே சொல்லுங்கள், அங்கே சாப்பிடுவதை இங்கே சொல்லுங்கள். உடம்பில் புதிதாக எது வந்தாலும் அன்றே சொல்லுங்கள்.

அக்கா மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாள். நோய் போயிற்று, போன காது வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு மகள் பிறந்தாள். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் அக்கா படுப்பாள். குழந்தை அழுது காலை உதைத்தால் கயிறு இழுக்கும். எழுந்துவிடுவாள்.