நிரூபி கட்டிய பந்தயம்

விதைப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு என்ன பெயரோ, வீட்டில் புருஷன் வைத்த பட்டப்பெயர் ‘நிரூபி’. கல்யாணமான புதிதில் "உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றவனிடம், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்ட புண்ணியவதி. அவள் வேலை அப்படி. மூட்டை மூட்டையாக வரும் விதையில் நூறு எடுத்து, ஈர மணலில் ஊன்றி, ஏழாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வியாபாரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் முளைக்காதது முளைக்காததுதான்.

நாத்தனார் வேறு ரகம். புருஷனின் அக்கா, அதே வீட்டில்தான் வாசம். பொய் அவர் வாயில் வராது. சந்தேகம் மனசில் வராது. ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டதும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாத்தனார் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"கடவுள் பாத்துப்பார்மா."

"அவர் பாத்துக்கிட்டாரான்னு எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

இந்தப் பதிலை அளக்க எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் கருவி கிடையாது. நிரூபிக்கு எரிச்சல், அதைவிடப் பயம். இந்த மனுஷி எப்போது எங்கே மயங்கி விழுவாரோ என்று, அவர் குளித்துவிட்டு வரும்வரை கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

கடைசியில் பந்தயம் கட்டினாள். ஒரே பையிலிருந்து பயறு, இரண்டு தட்டு, தட்டுக்கு நூறு. ஒரே ஜன்னல், ஒரே அளவு தண்ணீர். ஒரு தட்டுக்காக மட்டும் நாத்தனார் வேண்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தட்டு என்று அவர் தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டும். நிரூபிக்குத் தெரிந்தால் எண்ணும் கை தனக்குச் சாதகமாக எண்ணிவிடுமாம். தன்னையே நம்பாதவள்! வேண்டிய தட்டில் பத்து விதையாவது கூடுதலாக முளைத்தால் அவள் மாத்திரைப் பேச்சையே எடுக்கக் கூடாது. இல்லையென்றால் நாத்தனார் மாத்திரை போட வேண்டும்.

ஏழாம் நாள் எண்ணி முடித்தாள். புருஷன் ரகசியத்தை உடைத்தான். வேண்டிய தட்டில் எண்பத்தொன்பது, மற்றதில் தொண்ணூற்றிரண்டு. நிரூபி துள்ளிக் குதிக்காத குறை.

நாத்தனார் கையைப் பிசைந்தார். "ஒண்ணு சொல்லணும்மா. மூணாம் நாள் அந்த இன்னொரு தட்டைப் பாத்தேன். பாவமா இருந்துச்சு, கேக்க நாதியில்லாம. அதுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்."

புருஷன் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினான்.

"அதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்க வாயெடுத்தாள் நிரூபி. கேட்கவில்லை. இந்த மனுஷியின் சொல்லுக்கே சாட்சி கேட்டால் வேறு எதைத்தான் நம்புவது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கெட்டுப்போன சோதனையை அவள் இதுவரை நல்லதென்று எழுதியதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, காகிதத்தில் ‘செல்லாது’ என்று எழுதினாள்.

"அப்போ பந்தயம்?" என்றார் நாத்தனார்.

"யாரும் ஜெயிக்கலக்கா."

"அதெப்படி? ஒத்துக்கிட்டதை மீறினது நான். மீறினவதானே தோத்தவ? மாத்திரையைக் கொண்டா."

நாற்பது நாளில் நூற்றெண்பது நூற்று முப்பதுக்கு இறங்கியது. நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? ஒவ்வொரு மாத்திரை விழுங்குறப்பவும் வேண்டிக்கிட்டேன்ல!"

எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டில் ஒன்றை நிறுத்திப் பார்த்தால் போதும். நிரூபிக்கா அது தெரியாது?

"ரெண்டையும் விட்டுடாதீங்கக்கா" என்றாள்.